பேச்சுப் போனவர் புத்தி போனவர் அல்லர்

1980களிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து, பொலிதேயாமா போன்ற பகுதிகளில் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்த இலங்கைத் தமிழர் பலர் இன்று தாங்களே முதுமையைத் தொட்டுவிட்டார்கள். அந்த வயதில் பாரிசவாத ஆபத்தும் கூடுகிறது. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா வருகிறது. நினைத்த சொல் வாயில் வராது, கேட்டது பிடிபடாது, வாசிப்பும் எழுத்தும் தடுமாறும். இதைப் பற்றி வீடுகளில் உலவும் சில தவறான நம்பிக்கைகள் நோயாளியை மேலும் தனிமைப்படுத்துகின்றன.

நம்பிக்கை: பேச்சோடு அறிவும் போய்விட்டது.
உண்மை: அடிபடுவது மூளையின், பெரும்பாலும் இடப்பக்கத்து, மொழிப் பகுதி. ஆட்களை அடையாளம் காண்பதும், வீட்டு விஷயத்தில் தன் விருப்பத்தைத் தெரிவிப்பதும் பலருக்கு முடியும். அவர் முன்னிலையில் அவரைப் பற்றிப் பிறரிடம் கேட்காதீர்கள். அவரிடமே கேளுங்கள்.

நம்பிக்கை: செபம் சொல்கிறார், பாடுகிறார், பேச மட்டும் மறுக்கிறார்.
உண்மை: இது பிடிவாதமில்லை. பலெர்மோவின் சாந்தா ரொசாலியா திருத்தல மலையில் ஆண்டாண்டாகச் சொன்ன செபம், ஒன்று இரண்டு எண்ணுவது, பழைய பாட்டு ஆகியவை தானாக வரும். புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவது வேறு வேலை. மெட்டின் வழியே பேச்சை மீட்கும் சிகிச்சை முறை 1973 முதல் உண்டு.

நம்பிக்கை: இரண்டு மொழி குழப்பும், இத்தாலியன் மட்டும் போதும்.
உண்மை: ஹைதராபாத்தில் 608 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், பல மொழி பேசியவர்களுக்கு அஃபேசியா கூடுதலாக வரவில்லை. பாரிசவாதத்துக்குப் பிறகும் சிந்தனைத் திறன் குறையாதவர்கள் அவர்களில் 40.5 சதவீதம்; ஒரு மொழியினரில் 19.6. ஆகவே நோயாளி மனைவியோடு பேசிய தமிழையும் வேலையிடத்து இத்தாலியனையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மொழிபெயர்க்கப் பிள்ளை உடன் போனால் ஓர் எச்சரிக்கை: அப்பா 'தேத்தண்ணி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கதவு' என்றால், 'கதவு' என்றே சொல்ல வேண்டும். பாசத்தில் திருத்திச் சொன்னால் சிகிச்சையாளருக்குப் பிழையே தெரியாமல் போய்விடும்.

நம்பிக்கை: ஆறு மாதம் கடந்தால் இனிப் பயனில்லை.
உண்மை: முதல் மாதங்களில் முன்னேற்றம் வேகம்தான். ஆனால் ஜெர்மனியில் ஆறு மாதம் தாண்டிய 156 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி பெற்றவர்களின் அன்றாடப் பேச்சு மேம்பட்டது. பயிற்சி தொடங்காமல் காத்திருந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

நம்பிக்கை: சத்தமாகப் பேசினால் விளங்கும்.
உண்மை: குறை காதில் இல்லை. டிவியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். 'ஓம்', 'இல்லை', சைகை, படம், எழுத்து எல்லாமே பதில்தான். சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்குமுன் பொறுங்கள். அந்த முயற்சியும் பயிற்சிதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புமுன், லொகொபெதிஸ்தா எனப்படும் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு எந்தெந்த மொழி தெரியும், யாரோடு எதில் பேசினார், எதில் வாசித்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். இவை தெரிந்தால்தான் சிகிச்சையைச் சரியான இடத்தில் தொடங்க முடியும்.