பரணிலிருந்து இறங்கிய பதினாறு டப்பாக்கள்

பழைய வீட்டில் மூன்று பரண். புது அப்பார்ட்மென்டில் ஒன்றுகூட இல்லை. வீடு பார்க்கப் போன அன்று மனைவி சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். நான் அண்ணாந்து பரண் தேடினேன். திரும்பி வரும்போதே தீர்ப்பும் வந்துவிட்டது. “டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ரெண்டு தட்டு உங்களுக்கு. அதுக்குள்ள என்ன வேணா வெச்சுக்கோங்க. கட்டிலுக்கு அடியில ஒரு வயர் தெரியக் கூடாது.”

இருந்தவை 16 கேம் கன்சோல்கள். வயர்களை ஒழுங்காகச் சுருட்டினால் இரண்டு தட்டில் ஆறு அடங்கும். மீதிப் பத்தையும் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று நாலு பேரைக் கேட்டேன். நாற்பது பேரைக் கேட்ட அளவுக்கு யோசனை வந்தது. பெரும்பாலும் நானே பிறருக்குச் சொல்லியிருக்கிற யோசனைகள்தான். இந்த முறை ஒவ்வொன்றையும் டப்பாவை டிவியில் மாட்டி, ஒரு சாயங்காலம் விளையாடி, பிறகு நம்புவது என்று வைத்துக்கொண்டேன்.

நம்பிக்கை: “அபூர்வமானதை வை, ஊரெல்லாம் கிடைப்பதைக் கொடு.”

சொன்னவன் கல்லூரி நண்பன். சின்ன வயதில் ஸ்டாம்ப் சேர்த்தவன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஸ்டாம்புக்கு அது சரி. கன்சோல் ஓட வேண்டிய பொருள்.

நின்டெண்டோ 1995-ல் வெளியிட்ட வர்ச்சுவல் பாய் உலகம் முழுக்க ஏறக்குறைய 7.7 லட்சம்தான் விற்றது. சிவப்பும் கறுப்பும் மட்டுமே தெரிகிற ஒரு கூட்டுக்குள் முகத்தைப் புதைத்து விளையாட வேண்டும். ஓராண்டுக்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். மொத்தம் வந்த கேம் 22. இன்று அது அபூர்வம்தான். அன்றைக்கு யாரும் வாங்காததால் அபூர்வம்.

இன்னொரு பக்கம் பிளேஸ்டேஷன் 2. 2000-ல் வந்து 15 கோடிக்கும் மேல் விற்றது. தெருவுக்கு ஒன்று இருந்ததாலேயே அதற்கு லென்ஸ் கிடைக்கிறது, ரிமோட் கிடைக்கிறது, நூறு முறை திறந்து பார்த்த கைராசிக்காரர் கிடைக்கிறார். முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளும் அதில் ஓடும். போதாததற்கு, ஹைதராபாத்தில் உருவாகி 2009-ல் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ அந்த மெஷினுக்கான கேம்தான். விளையாட்டாக அது சுமார், அனுமார் மன்னிக்கட்டும். ஆனால் நம் பக்கத்தில் பிறந்த கன்சோல் கேம்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் அந்த டிஸ்க்கைக் கொடுக்க மனம் வராது.

ஆக, ஊரெல்லாம் கிடைக்கிற பிளேஸ்டேஷன் 2 முதல் இடத்தில் ஏறியது. முதல் பிளேஸ்டேஷன் கிளம்பியது.

நம்பிக்கை: “பத்து வருஷம் போனால் தங்கம் மாதிரி விலை ஏறும்.”

2021 ஜூலையில் ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து என் தம்பி இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஏலத்துக்குப் போனது கடையில் வாங்கி, பிரிக்கவே பிரிக்காமல், தரம் பார்ப்பவர்களிடம் 9.8 மதிப்பெண் வாங்கிய ஒரு பெட்டி. என்னிடம் இருப்பவை விளையாடியவை. ஒரு கேசட்டின் முதுகில் மார்க்கர் பேனாவால் தம்பியே தன் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறான். மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது.

நம்பிக்கை: “பெட்டியில் போட்டு மூடி வைத்தால் ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்துச் சாமான்.”

இதுதான் என்னை அதிகம் ஏமாற்றிய நம்பிக்கை. பரணில் எட்டு வருஷம் துணி சுற்றிக் கிடந்த ஒரு கையடக்கக் கன்சோலைத் திறந்தேன். திருகாணியைக் கழற்றியதும் லேசாக மீன் வாடை. உள்ளே கெப்பாசிட்டர் கசிந்து, பச்சைப் பலகையில் தேன் சிந்தியதுபோல ஒரு பிசுபிசுப்பு. அதன் கீழே செப்புத் தடம் கறுத்து, ஓர் இடத்தில் அறுந்தே போயிருந்தது. யாரும் தொடாத மெஷின் அது.

1990 வாக்கில் கையடக்க மெஷின்களில் பொருத்திய சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு இது பிறவிக் கோளாறு. செகாவின் கேம் கியர் இதற்குப் பேர் போனது: சத்தம் மங்கும், திரை வெளிறும், பிறகு ஒருநாள் எழுந்திருக்காது. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கு நேரம் காத்துக்கொடுக்க ஒரு கெப்பாசிட்டர் உண்டு. கடைசியாக வந்த 1.6 ரகம் தவிர மற்றவற்றில் அது கசிந்து மதர்போர்டையே தின்னும். கழற்றி எறிந்துவிட்டால் கேமுக்கு ஒரு குறையும் இல்லை, பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி மறந்துபோகும், அவ்வளவே. எறியாமல் பத்திரமாகப் பெட்டியில் வைத்தவர்தான் மெஷினை இழக்கிறார். கையடக்க மெஷின்களின் லித்தியம் பேட்டரி இன்னொரு தலைவலி. உப்பினால் மூடியே நெம்பிக்கொண்டு நிற்கும். கழற்றித் தனியே வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எது தாங்கும்? கேசட்தான். நம் ஊரில் எல்லோரும் கேசட் என்றே சொன்ன அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சுழலும் டேப் கிடையாது, ஒரு மெமரி சில்லு மட்டுமே. அதில் எழுதியது சுலபத்தில் அழியாது. அழிவது நாம் சேமித்த ஆட்டம். பல கேசட்டுகளில் அதைக் காப்பது ஒரு நாணய பேட்டரி. போகிமானின் கோல்ட், சில்வர் கேசட்டுகளுக்குள் கடிகாரமும் ஓடுவதால் அதே பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். புதிது மாற்றலாம், ஆனால் மாற்றும் நேரத்தில் பழைய ஆட்டம் போய்விடும். உங்கள் பதினொரு வயதுச் சாதனை உள்ளே இருக்கிறது என்று நம்பி ஒரு கேசட்டை வைத்திருந்தால் முதலில் மாட்டிப் பாருங்கள். என்னுடையது 2011-க்குப் பிறகு எப்போதோ போயிருக்கிறது.

இதோடு சேர்த்து ஒன்று: ஓடாத கேசட்டை ஊதினால் ஓடும் என்பது. ஓடியது ஊதியதால் அல்ல, கழற்றி மாட்டியதால். பின் சரியாக உட்கார்ந்தது, நாம் வாய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்தோம். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும், நின்டெண்டோவே ஊதாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் கறுப்பு கறுப்பாக வரும். செத்துப்போனதாக நான் ஒதுக்கிய ஏழு கேசட்டில் ஐந்து அப்படித்தான் எழுந்தன.

நம்பிக்கை: “அடுத்து வந்த மெஷின் முந்தையதையும் ஓட்டும். பழசைத் தள்ளிவிடு.”

தட்டில் இடம் மிச்சமாவது இங்கேதான், மாடல் எண்ணைப் பார்க்காமல் செய்தால் ஏமாறுவதும் இங்கேதான். நின்டெண்டோ வீ மெஷினை நிமிர்த்தி நிற்க வைத்து மேல் மூடியைத் திறந்தால் நான்கு பழைய ரிமோட் துளைகள் தெரிகின்றனவா? அடியில் ஆர்விஎல்-001 என்று இருக்கிறதா? அப்படியென்றால் கேம்க்யூப் டிஸ்க்கை அது தன் சொந்த டிஸ்க்போல ஓட்டும். 2011-ல் வந்த ரகத்தில் அந்தத் துளைகளை எடுத்துவிட்டார்கள். என்னுடையதில் மூடி திறந்தது, கேம்க்யூப் போயிற்று. டிவியில் கேம் பாய் கேசட் ஓட்டும் இணைப்புப் பெட்டியை வைத்திருப்பவர்கள் மட்டும் பொறுங்கள், அதை மாட்ட வீயில் இடமில்லை.

கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி அதற்கு முந்தைய இரண்டு தலைமுறைக் கேசட்டையும் விழுங்கும். அதற்குப் பின் வந்த டிஎஸ் அட்வான்ஸ் கேசட்டை மட்டும் ஏற்கும், பழைய கேம் பாய் கேசட் அதில் ஓடாது. பேரன் தாத்தாவை அடையாளம் தெரியாமல் நிற்கிற கதை. ஆகவே எஸ்பி இருந்தது, அதன் முன்னோர் இருவரும் விடைபெற்றார்கள்.

பிளேஸ்டேஷன் 3 விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு பிடிவாதம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் முதலில் வந்த 20, 60 ஜிபி மாடல்களுக்குள் பிளேஸ்டேஷன் 2-இன் சில்லுகளே இருந்தன. பிறகு அது பாதியாகி, கடைசியில் நின்றே போனது. முதல் மாடல் கிடைத்தால் ஒரே பெட்டியில் மூன்று தலைமுறை என்று பலர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அந்த மாடல்தான் சூட்டில் சாவதிலும் முன்வரிசை. அதை நம்பி ஓடுகிற பிளேஸ்டேஷன் 2-ஐ நான் கொடுக்கமாட்டேன்.

நம்பிக்கை: “எல்லாம் எமுலேட்டரில் இருக்கு, மச்சான். டப்பா எதுக்கு?”

பழைய கேசட் மெஷின்களுக்கு இதை ஒப்புக்கொள்கிறேன். 16 பிட் காலம் வரை வந்தவை கணினியில் அவ்வளவு சுத்தமாக ஓடுகின்றன. என் சூப்பர் நின்டெண்டோவும் செகா மெகா டிரைவும் அந்த ஒரு காரணத்தாலேயே வெளியேறின.

ஆனால் “எல்லாம்” என்ற சொல் பொய். 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. டிஸ்க்கே இல்லாமல் இறக்கிய கேம்களின் நிலை இன்னும் மோசம். வீ கடை 2019 ஜனவரி 30-ல் மூடியது. 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச் 27-ல். காசு கொடுத்து இறக்கிய கேம்கள் அந்த மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. மெஷினை விற்றால் அவையும் போகும், மறுபடி வாங்கக் கடை கிடையாது. கொடுக்கிற அடுக்கில் நான் போட்டிருந்த கீறல் விழுந்த 3டிஎஸ்ஸைத் திறந்து பட்டியலைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

கைப்பிடி என்று ஒன்றும் இருக்கிறது. நின்டெண்டோ 64-இன் மூன்று கொம்பு ரிமோட்டை மனதில் வைத்துச் செய்த கேம்களை வேறு எதில் ஆடினாலும் இடது கையில் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அதற்கு ஓர் இடம் கொடுத்தேன். நடுக் குச்சி தேய்ந்து வெள்ளைத் தூள் உதிர்த்துக்கொண்டிருந்ததால் அதை மட்டும் மாற்றினேன்.

நம்பிக்கை: “பிளக் மாட்டினால் எல்லாம் ஒரே கரன்ட்தானே?”

ஜப்பான் மெஷினுக்கு 100 வோல்ட், அமெரிக்க மெஷினுக்கு 120. நம் சுவரில் 230. இடையில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் தட்டில் இடம் பிடிக்கும். அமெரிக்க நின்டெண்டோவின் அடாப்டர் தருவது ஏசி. ஜப்பான் ஃபேமிகாம் கேட்பது டிசி. முள் பொருந்துகிறதே என்று மாற்றி மாட்டினால் யாருக்குக் கொடுப்பது என்ற கவலையும் தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: “அந்த லோக்கல் டிவி கேம் வெறும் டூப்ளிகேட். காயலான் கடைக்குப் போடு.”

டூப்ளிகேட் என்பது உண்மை. 1990-களில் நம் வீடுகளுக்கு ‘டிவி கேம்’ என்ற பெயரில் வந்தவற்றில் பெரும்பாலானவை 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல்கள். அதே 60 பின் கேசட். ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டு, உள்ளே ஒரு கைப்பிடி கேமையே வேறு வேறு பெயரில் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள். கேமைப் பொறுத்தவரை எமுலேட்டர் போதும்.

துப்பாக்கிதான் போதாது. வாத்து சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் மூக்கில் இருக்கிற கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அடி விழுந்தது என்று கணக்கு. டியூப் லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்த்த பிள்ளைகளுக்காகத்தான் முதலில் அந்தக் கறுப்பு: கறுக்கும்போதே வெளிச்சம் தெரிந்தால் செல்லாது. துப்பாக்கியின் கண், டப்பா டிவியின் கதிர் கோடு கோடாக வரைகிற துடிப்புக்கு என்றே பழக்கியது. எல்சிடி அப்படி வரைவதில்லை, படமும் கொஞ்சம் தாமதமாக வரும். எத்தனை சுட்டாலும் கேமில் வரும் நாய் எழுந்து சிரித்துக்கொண்டே இருக்கும்.

எனவே அந்த நூறு ரூபாய் பெறாத டப்பா, துப்பாக்கி, 21 இஞ்ச் பழைய டிவி மூன்றும் சேர்ந்து ஒரே சாமான். பிரித்தால் மூன்றும் குப்பை. அந்த டிவிக்கு எங்கள் புது வீட்டில் இடம் கிடையாது, அதைக் கேட்கிற தைரியமும் எனக்குக் கிடையாது. நான் வைத்துக்கொண்டவை ஐந்து. ஆறாவது இடத்தில் வைஃபை ரவுட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஸ்டாம்ப் நண்பனுக்குத் தாம்பரம் தாண்டித் தனி வீடு, பின்னால் ஒரு ஷெட். “கேம் மட்டும் குடுடா, டிவி எதுக்கு” என்றான். உட்கார வைத்து எல்சிடியில் பத்து வாத்து சுட விட்டேன். ஒன்றும் விழவில்லை. டப்பா டிவிக்கு மாற்றினேன். முதல் குண்டிலேயே ஒன்று விழுந்தது. போனை எடுத்து லோடு ஆட்டோ கூப்பிட்டான்.

படியில் இறக்கும்போது பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் போனான். “டேய், கனமெல்லாம் கண்ணாடிப் பக்கம். திருப்பி நெஞ்சோட அணைச்சுத் தூக்கு.”