எரிமலை இல்லாத ஊரில் வெந்நீர் ஏது?

கேள்வி: மேற்கு வங்கத்தில் உள்ள பக்ரேஷ்வரில் எரிமலை கிடையாது. அங்கே வெந்நீர் ஊறுவது எப்படி? அந்த நீரில் உள்ள உப்பும் வாயுவும் எங்கிருந்து வந்தவை?

பதில்: பீர்பூம் மாவட்டத்தில், சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தின் கிழக்கு விளிம்பில், கிரானைட் வகைக் கருங்கல் பாறைமேல் இருக்கிறது பக்ரேஷ்வர். அங்குள்ள அக்னி குண்டம் என்ற வெந்நீர் ஊற்றின் நீர் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அது பூமிக்குள் புதிதாகப் பிறந்த நீர் அல்ல. கருங்கல்லின் வெடிப்புகளில் நெடுங்காலம் கிடந்து திரும்பிய மழைநீர். மழைநீரில் கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் ஒரே கணக்கில் கூடிக் குறையும் என்பதை 1961-இல் ஹார்மன் கிரெய்க் காட்டினார். யெல்லோஸ்டோன் போன்ற எரிமலைப் பகுதிகளில்கூட வெந்நீரின் ஹைட்ரஜன் அந்த வட்டாரத்து மழையோடு ஒத்துப்போவதையும் அவர் கண்டார். அங்கேயே நீர் மழையின் கொடை என்றால், எரிமலை இல்லாத பக்ரேஷ்வரில் வேறு மூலத்தைத் தேடக் காரணம் இல்லை.

கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் இருக்கின்றனவே, அவற்றின் கதிரியக்கம் நீரைச் சூடாக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். நேரடியாக அப்படி நடக்க வழியில்லை. ஒரு கன மீட்டர் கருங்கல்லிலிருந்து எழும் கதிரியக்க வெப்பம் ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு அளவுதான். ஒரு லிட்டர் நீரை 40 டிகிரி சூடேற்ற அந்தக் கல்லுக்குச் சுமார் 1,800 ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் திரண்ட அந்த வெப்பமும் பூமியின் ஆழத்திலிருந்து வரும் வெப்பமும் சேர்ந்து, ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் பாறையை ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி சூடாக வைத்திருக்கின்றன. ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கிய நீர், சூடு ஆறுமுன் ஒரு பிளவின் வழியே விரைந்து மேலேறினால் போதும். வெப்பத்தைத் தருவது ஆழம். கதிரியக்கம் விட்டுச்செல்லும் நேரடி அடையாளம் வாயு. பக்ரேஷ்வர் வெந்நீரில் எழும் வாயுக் குமிழிகளில் ஒரு சதவீதத்துக்கும் மேல் ஹீலியம் இருக்கிறது. காற்றிலோ பத்து லட்சத்துக்கு ஐந்து பங்குதான். யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளியேறும் ஆல்பா துகள்தான் ஹீலியமாக மாறுகிறது. குமிழியில் மிகுந்திருக்கும் நைட்ரஜனோ பெரும்பாலும் மழையில் கரைந்து உள்ளே போன காற்றின் மிச்சம். கூடச் சென்ற ஆக்சிஜனைப் பாறையின் இரும்பும் கந்தகமும் வழியிலேயே தீர்த்துவிட்டன.

சூடான நீரில் சிலிக்கா கூடுதலாகக் கரையும். 100 டிகிரியில் குவார்ட்ஸ் கனிமத்தோடு சமநிலை கண்ட நீரில் லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் இருக்கும். அதை வைத்து ஆழத்தின் வெப்பத்தைக் கணிப்பது வழக்கம். குளிர்ந்த கிணற்று நீரிலும் அதே அளவு சிலிக்கா கிடைக்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் சிதைவதும் சிலிக்காவைத் தரும். ஆகவே சிலிக்காவை மட்டும் நம்பக் கூடாது.

நீர் கருங்கல்லில் நெடுங்காலம் கிடந்தது என்பதற்கு ஃபுளோரைடின் சாட்சியம் இன்னும் தெளிவானது. பயோடைட், அப்படைட், ஃபுளோரைட் ஆகிய கனிமங்கள் அதைக் கருங்கல்லில் சேமித்து வைத்திருக்கின்றன. மண்ணிலிருந்து கரியமில வாயுவை ஏந்தி இறங்கும் மழைநீர் முதலில் லேசான அமிலம். ஃபெல்ட்ஸ்பாரைக் கரைக்கக் கரைக்க அந்த அமிலம் தீர்ந்து நீர் காரத்தன்மை அடைகிறது. கால்சியம் சுண்ணாம்புக்கல்லாகப் படிந்துவிட, சோடியம் மிஞ்சுகிறது. கால்சியம் இருந்தவரை ஃபுளோரைடைக் குறிப்பிட்ட அளவுக்குமேல் கரையவிடாமல் தடுத்தது. அது போனதும் தடை நீங்கிவிடுகிறது. பக்ரேஷ்வர் நீர் காரமாகவும், சோடியம் மிகுந்தும், குடிநீர் வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைப் பன்மடங்கு மீறிய ஃபுளோரைடோடும் இருப்பது இதனால்தான்.

ஃபுளோரைடு இப்படிச் சேர வெப்பம் கட்டாயமில்லை. வெப்பம் வேகத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் குளிர்ந்த நீரே இதே பாதையில் ஃபுளோரைடைச் சேர்த்து, பற்களையும் எலும்புகளையும் கெடுத்திருக்கிறது. பாறையின் இடுக்கில் நீர் எவ்வளவு காலம் தேங்கியது என்பதைப் பொறுத்து, அடுத்தடுத்த கிணறுகளில்கூட அளவு வெகுவாக மாறும். அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுசெல்வதன் வேதியியல் நியாயமும் இதுவே: ஆற்று நீர் கருங்கல்லுக்குள் அத்தனை காலம் தங்கியதில்லை.