ஊசி குத்தினால் கட்டி பரவுமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் புற்றுநோய்ப் பகுதியை நடத்தும்போது ‘சார்கோமா’ என்ற சொல்லை ஒரே வரியில் கடந்துவிடுவது என் வழக்கம். எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் தோன்றுவது என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். என் மாணவன் ஒருவனுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வீக்கம் கண்ட பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை. கபடி ஆடுகிற பையன். வலி என்று வந்தபோது, “ஆட்டத்துல பட்டிருக்கும், எண்ணெய் தேய்” என்று சொன்னவன் நான்தான். இரண்டு மாதம் போயிற்று. இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது என்று அவன் அம்மா சொன்ன பிறகே சிதம்பரத்துக்கு அனுப்பினோம்.

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எடுத்த மருத்துவர்கள், ஊசி மூலம் திசு எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். “சார், கட்டியில ஊசி குத்துனா பரவிடும்னு ஊர்ல சொல்றாங்க. குத்தலாமா, வேணாமா?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இப்போது ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன்.

நெல் மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியால் நாலு மணியை எடுத்துத் தரம் பார்ப்பதை நம் கடலூர் மாவட்டப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஊசித் திசுச் சோதனையும் அதுதான். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். மற்றதில், ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியால் குச்சி போன்ற ஒரு துண்டுத் திசுவையே எடுப்பார்கள். கோரைப்பாயிலிருந்து இரண்டு கோரையை உருவிப் பார்ப்பதற்கும், ஒரு துண்டை வெட்டிப் பின்னலைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. சார்கோமாவில் பல வகைகள் இருப்பதால் ‘பின்னல்’ தெரிவது முக்கியம். எனவே பெரும்பாலும் இரண்டாம் முறையையே விரும்புகிறார்கள். கெட்டியான எலும்புக்குள் போக, முறுக்கி இறக்கும் ஜாம்ஷிதி ஊசி இருக்கிறது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவதும் உண்டு. போதிய திசு கிடைக்காவிட்டால் மறுபடி எடுக்கவோ, கத்தி வைத்துத் திறந்து எடுக்கவோ நேரலாம்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. ஊர்ப் பேச்சு முழுப்பொய் இல்லை. ஊசி போன வழியில் சில செல்கள் தங்கக்கூடும், அரிதுதான். அதனால்தான் பின்னால் அறுவை செய்யப்போகும் மருத்துவரைக் கலந்து, அவர் வெட்டப்போகும் கோட்டிலேயே ஊசியைச் செலுத்துகிறார்கள். அறுவையின்போது அந்தத் தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடலாம். ஆபத்து இருப்பது திட்டமில்லாமல் கண்ட இடத்தில் குத்துவதிலும் கீறுவதிலும்தான். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹென்றி மேன்கின் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 597 நோயாளிகள் இருந்தார்கள். திசு எடுத்ததில் நேர்ந்த சிக்கலால் மட்டும் அவர்களில் 18 பேர் தேவையின்றிக் கை அல்லது காலை இழந்திருந்தார்கள். முதலில் பார்த்த இடத்திலேயே எடுத்துவிட்டு அனுப்பியபோதுதான் சிக்கல்கள் பல மடங்கு அதிகம்.

சோதனையைத் தவிர்ப்பதும் வழியல்ல. எலும்புக் காசநோயும் சீழ்த்தொற்றும் எக்ஸ்ரேயில் புற்றுநோய் போலவே தோன்றலாம். எது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

முடிவு வரத் தாமதமானால் பெற்றோர் பதறுவார்கள். இதை விளக்க வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். கழுவிய கோழி எலும்பை வினிகரில் போட்டு, அவ்வப்போது வினிகரை மாற்றி, சில நாள் வையுங்கள். கால்சியம் கரைந்து எலும்பு ரப்பர் போல வளையும். ஆய்வகத்திலும் எலும்புத் துண்டை மெல்லிய சீவலாக வெட்டுமுன் இப்படித்தான் அமிலத்தில் இளக்குகிறார்கள். அதற்கு நாள் பிடிக்கும்.

எலும்புப் புற்றுநோயில் ஆஸ்டியோசார்கோமா 10 முதல் 20 வயதில், முழங்காலை ஒட்டியே அதிகம் வருகிறது. நம் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் வயது. அடிபடாமலே வாரக்கணக்கில் நீடிக்கும் வலி, இரவில் கூடும் வலி, வளரும் வீக்கம் ஆகியவற்றைக் கண்டால் உருவிவிடவோ கட்டுப் போடவோ அனுப்பாமல், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசு மருத்துவக் கல்லூரி. மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரும், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும் உள்ளன.

என் மாணவனுக்கு ஆஸ்டியோசார்கோமாதான். முதலில் மருந்து, பிறகு அறுவை, மறுபடி மருந்து. அடுத்த ஆண்டு ஊன்றுகோலோடு வந்தான். தொடையில் நீளமான தையல் தழும்பைக் காட்டி, “ஊசி குத்துன எடமும் இதுக்குள்ளயே போயிடுச்சு சார்” என்றான்.