கேஸ் பிடிக்க ஃபிளெக்ஸ் வைக்கலாமா?

என் மகன் போன வருடம்தான் வக்கீலாகப் பதிவு செய்தான். ‘விவாகரத்து, ஜாமீனுக்கு அணுகவும்’ என்று போட்டோவோடு ஃபிளெக்ஸும் ஃபேஸ்புக் விளம்பரமும் ரெடி பண்ணிவிட்டான். வம்பு வருமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

வரும் அம்மா. ஃபிளெக்ஸ் இன்னும் அச்சாகவில்லை என்றால் உடனே கடைக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

கேஸ் பிடிக்க விளம்பரம் செய்வதையும் தரகர் வைப்பதையும் இந்திய பார் கவுன்சிலின் 36-வது விதி தடுக்கிறது. வாசலில் மாட்டும் பெயர்ப் பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும். ‘ஜாமீன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று அதில் எழுதக் கூடாது. ‘முன்னாள் நீதிபதி’ என்றும் போடக் கூடாது. உங்கள் மகனுக்கு இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை.

புகார் போனால் மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூப்பிடும். புகார் கொடுக்க கட்சிக்காரர் வேண்டும் என்பதில்லை, பக்கத்து சேம்பர்க்காரரே போதும்! 1961-ம் வருட வக்கீல்கள் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி கண்டிக்கலாம், சில காலம் கோர்ட்டுக்கு வராதே எனலாம், பட்டியலிலிருந்து பெயரையே எடுக்கலாம். ஆன்லைனில் என்றால் தப்பிக்கலாம் என நினைக்க வேண்டாம். இணையதளங்கள் வழியாகக் கேஸ் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது.

சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ளலாம். 2008-ல் அதற்கு வழி விட்டார்கள். பெயர், முகவரி, போன், பதிவு எண், படிப்பு, எந்த மாதிரி வழக்கு பார்க்கிறார் என்பது வரை போடலாம். ஃபிளெக்ஸுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.