நூலில் சிக்கிய கூகை

நம் சங்கத்தில் நெய்பவரும் உண்டு, உழுபவரும் உண்டு. இவ்விரு சாராரின் கைப்பொருள்களாலும் அடிபடும் பறவை ஒன்றுளது. அதுவே கூகை. இதய வடிவான வெண்முகமும், ஓசையின்றிப் பறக்கும் சிறகுகளும் உடைய இப்பறவையைச் சாக்குருவி என அஞ்சிக் கல்லெறிவார் இன்னும் இருக்கின்றனர். ஆயினும், வயலில் எலி பிடிப்பதற்கு இதனினும் நல்ல கூலியாள் கிடைப்பதரிது. பாழ்மண்டபத்தில் இது கக்கிப் போட்டிருக்கும் உருண்டையைப் பிரித்துப் பாருங்கள். எலி மயிரும் எலும்பும் மண்டையோடுமே அதில் நிறைந்திருக்கும்.

நாற்றங்காலைக் காக்கக் கட்டும் நைலான் வலை, தறிக்கூடத்துக்கு வெளியே எறியப்படும் நூற்கழிவு, மரக்கிளையில் அறுந்து தொங்கும் மாஞ்சா நூல் ஆகியவை பறவைகளின் காலையும் சிறகையும் பிணிக்கின்றன. நைலான் முதலிய செயற்கை மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ஆம் ஆண்டில் நாடு முழுதும் தடை செய்தது. நூற்கழிவுக்கோ அத்தகைய தடையில்லை. அதைச் சுருட்டிச் சாக்கில் கட்டி வைப்பது நம் பொறுப்பே.

சிக்கிய கூகையைக் கண்டதும் நூலைப் பிடித்து இழுத்தல் ஆகாது. முதலில் பருத்தித் துணியொன்றைத் தலை மறையப் போர்த்துக. இருள் சூழ்ந்தால் பறவை அடங்கும். அதன் அலகைவிட நகங்களே நமக்கு அபாயம். ஆதலால் தடித்த துணியினூடே கால்களைச் சேர்த்துப் பிடித்தல் வேண்டும். மார்பை மட்டும் இறுக்கலாகாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அது மூச்சுவிடும். அன்பு மிகுதியால் இறுக அணைத்தே பறவையைக் கொன்றுவிடுதல் கூடும்.

பிறகு சிறு கத்தரியால், சதையில் படாத இடம் பார்த்து நூலை அறுக்க வேண்டும். இறகை வெட்டலாகாது. சதைக்குள் புதைந்த நூலை மருத்துவரிடமே விட்டுவிடுக. கட்டு அவிழ்ந்தவுடன் பறக்க விடுவதும் தவறு. நூல் இறுக்கிய காலில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கும். அதன் கேடு சில நாள் கழித்தே வெளிப்படுவதும் உண்டு. ஒற்றைக்காலால் எலி பிடிக்க இயலாத கூகை பட்டினியால் மடியும்.

காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியின் அடியில் வழவழப்பான துணி விரித்து, அதனுள் பறவையை வைத்து மூடிவிடுக. டர்க்கித் துவாலை வேண்டா; அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும். துவாலை நெய்யும் அன்பர்கள் பொறுத்தருள்க! பெட்டி நிழலில், சந்தடியற்ற இடத்தில் இருக்கட்டும். மூடியை அடிக்கடி திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுதல் கூடாது. பறவையின் கண்ணுக்கு நாம் அதைத் தின்ன வந்த மிருகமே. அந்த அச்சமே அதன் உயிரைப் போக்கவல்லது.

வாயில் தண்ணீர் ஊற்றுவது நம்மவர் பலரின் முதல் வேலை. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே திறந்திருப்பதால், ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாலும் சோறும் கூகைக்கு உணவல்ல. ஒன்றும் கொடாமல் விரைவில் சேர்ப்பிப்பதே சிறந்த சிகிச்சை.

காயமே இன்றிச் சோர்ந்து கிடக்கும் கூகையைக் கண்டால் எலி மருந்தை நினைக்க வேண்டும். புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியே கூகைக்கு எளிதில் அகப்படும். அதைத் தின்ற பறவைக்கு இரத்தம் உறையாமல் உள்ளேயே கசியும். இதற்கு மாற்று மருந்து கால்நடை மருத்துவரிடம் உண்டு. ஆகவே வயலில் வைத்தது எம்மருந்தென்று அறிவிக்க, அதன் உறையையும் எடுத்துச் செல்க. செத்த எலிகளை வரப்பில் எறியாமல் ஆழப் புதைப்பது மருந்து வைத்தவரின் கடமை.

பகலில் காக்கைகள் சூழ்ந்து கத்த, கிளையில் அமர்ந்திருக்கும் கூகையெல்லாம் நோயுற்றதன்று; நெருங்கினால் பறந்துவிடுமாயின் அதை அதன் போக்கில் விடுக. மரம் வெட்டும்போதோ கோபுரம் பழுது பார்க்கும்போதோ விழுந்த குஞ்சு காயமின்றி இருந்தால், கூடும் குலையாதிருந்தால், திரும்பக் கூட்டில் வைக்கலாம். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கும் என்பது வெறும் கதை.

நாய் கடித்த குரங்கு, நரி, வௌவால் இவற்றை வெறுங்கையால் தொடாதிருப்பீராக. வெறிநோய் அபாயம் உண்டு. ஒரே இடத்தில் பறவைகள் பல செத்துக் கிடந்தாலும் தொடாமல் கால்நடைத் துறைக்கு அறிவிப்பதே முறை.

இரக்கத்தால் எடுத்ததையும் வீட்டில் வளர்க்கச் சட்டம் இடந்தராது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுயிர் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவித்தல் வேண்டும். ஒப்படைக்கும்போது பெட்டியின் மேல் கண்டெடுத்த வயல், நாள், நேரம் மூன்றையும் எழுதி வைக்கவும். குணமான பறவையை அதன் பழைய இடத்திலேயே விட அக்குறிப்பே வழிகாட்டும்.