கணினியும் காற்றாலைக் கணக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தாழ்ந்து முடியும் பகுதியில், நாஞ்சில் நாட்டின் வாயிலாக அமைந்த ஊர் ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று அங்குள்ள கணவாயின் வழியே விரைந்து வீசுகின்றது. அதனைப் பயன்கொள்ளும் பொருட்டு, அவ்வூரைச் சுற்றியும் அடுத்துள்ள முப்பந்தலிலும் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. மே முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களே அவற்றின் அறுவடைக் காலம். பழுதுற்று நின்ற நாளில் வீசிய காற்றை மறுநாள் திரும்பப் பெறுதல் இயலாது. ஆதலின் பழுதை விரைந்து அறிதல் இன்றியமையாததாகின்றது.

காற்றின் வேகம், கிடைத்த மின்னாற்றல், பொறியின் வெப்பம் முதலியவற்றைக் காற்றாலையிலுள்ள கருவிகள் இடைவிடாது அளக்கின்றன. பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை அவற்றின் சராசரியைப் பதிந்து வைத்தல் இத்துறையின் பொது வழக்கம். அவ்வாறாயின் ஒரு காற்றாலைக்கு ஒரு நாளில் 144 பதிவுகளும், ஓர் ஆண்டில் 52,560 பதிவுகளும் சேரும். ஆயிரம் காற்றாலைகளின் பதிவுகள் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கப்படுகின்றன எனக் கொள்க. ஓர் ஆண்டின் தொகை 5 கோடியே 25 லட்சத்து 60 ஆயிரம் ஆகும்.

பொறியாளர் ஒருவர், '217ஆம் காற்றாலை சென்ற ஜூலையில் எவ்வாறு இயங்கிற்று?' என்று அத்தரவுத்தளத்தை வினவுகின்றார். நொடியில் வரவேண்டிய விடை, பல நிமிடங்கள் கழிந்தும் வரவில்லை. 'கணினி சிறியது, பெரியதொன்று வாங்குக' என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் காரணம் அறியாமல் செலவிடும் பொருள் வீணாகவும் கூடும்.

முதலில் காணத்தக்கது, கணினியின் மையச் செயலகம் எவ்வளவு உழைக்கின்றது என்பது. கணினியே இதனை விழுக்காட்டில் காட்டும். குறித்த நேரத்தில் எத்துணைப் பங்கு அது வேலையில் ஈடுபட்டிருந்தது என்பதே அவ்வெண்ணின் பொருள். தோவாளைப் பூச்சந்தையில் மாலை தொடுப்பவர் ஒருவரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மாலை முடியத் தாமதமாவதற்குக் காரணங்கள் இரண்டு. அவர் கை ஓயாமல் தொடுத்தும் பூ மிகுதியாக இருக்கலாம். அன்றிப் பூ வந்து சேராமையால் கை ஓய்ந்திருக்கலாம். பின்னதே காரணமாயின், மேலும் ஓர் ஆளை அமர்த்துவதால் பயனில்லை.

கணினியும் அத்தகையதே. சுழலும் வன்தட்டில் ஒரு பதிவு இருக்கும் இடத்தை அடைய நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகலாம். நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலகம் அதற்குள் 3 கோடி முறை துடித்துவிடும். வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கும் பதிவு பூட்டப்பட்டிருந்தாலும் வினா காத்துக் கிடக்க நேரிடும். இவ்வேளைகளில் விழுக்காடு தாழ்ந்தே இருக்கும். ஆயினும் விடை வாராது.

அவ்வெண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். இக்காலச் செயலகங்கள் பலவற்றுள் நான்கோ அதற்கு மேற்பட்டோ உள்ளகங்கள் உள்ளன. நான்கு உள்ளகங்களுள் ஒன்று மட்டும் ஓயாது உழைத்தால், மொத்தக் கணக்கு 25 விழுக்காடு என்றே காட்டக்கூடும். அதனைக் கண்டு செயலகம் ஓய்ந்திருக்கின்றது என்று முடிவு கட்டுதல் பிழையாகும்.

அடுத்து அறியவேண்டுவது, கணினி விடை தேடும் வழி. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் முதலிய தரவுத்தளங்களில் வினாவின் முன்னே 'எக்ஸ்பிளெய்ன்' என்னும் கட்டளையைச் சேர்த்தால், அவ்வழி தெரியவரும். நம் பொறியாளரின் வினாவிற்கு வேண்டியவை ஜூலை மாதத்தின் 4,464 பதிவுகளே. தக்க அடைவு இல்லையெனில், அவற்றைக் கண்டெடுக்க ஐந்து கோடிக்கு மேற்பட்ட பதிவுகளையும் கணினி ஒவ்வொன்றாகப் பார்க்கும். பதிவுகள் நினைவகத்தில் இருந்தால் செயலகம் ஓயாது உழைக்கும். வன்தட்டில் இருந்தால் அவற்றின் வரவுக்காகக் காத்திருக்கும். தோற்றம் இரண்டாயினும் மூலகாரணம் ஒன்றே.

அகரவரிசையில் அமைந்த அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவோர் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. நடுவில் பிரித்து, முன்னா பின்னா என்று பார்த்து, மீண்டும் பாதியாக்குவர். இம்முறையில் 5 கோடியே 25 லட்சம் பதிவுகளுள் ஒன்றனை 26 ஒப்பீடுகளுக்குள் அடையலாம். தரவுத்தளத்தின் அடைவும் இவ்வாறு வரிசைப்படுத்தப்பட்டதே. அதனை வன்தட்டுக்கு ஏற்பக் கிளைவிட்ட மரம்போல் அமைக்கும் முறையை ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்ரைட் என்னும் அறிஞர் இருவர் வகுத்து, 1972இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

எனினும் அடைவு, வினாவிற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். சொல்லின் ஈற்றெழுத்தை மட்டும் அறிந்தவனுக்கு அகரவரிசை உதவாது. அதுபோல, காற்றாலை எண்ணை முதலாகவும் காலத்தை அடுத்ததாகவும் கொண்ட அடைவு பொறியாளரின் வினாவிற்கு உதவும். 'ஜூலை 10ஆம் நாளில் மிகுதியாக மின்சாரம் தந்த காற்றாலை எது?' என்னும் வினாவிற்கு அத்துணை உதவாது. மேலும், புதிய பதிவு ஒன்று சேரும்போதெல்லாம் அடைவையும் திருத்த வேண்டும். ஆதலின் தேவையற்ற அடைவுகளைப் பெருக்குதலும் தாமதத்திற்கே இடமாகும்.

தக்க அடைவை அமைத்தபின் அதே வினாவை மீண்டும் வினவி, முன்னும் பின்னும் ஆன நேரத்தை அளந்து ஒப்பிடுதல் வேண்டும். அதன் பின்னும் செயலகம் முழுமையாக உழைத்தும் விடை தாமதமாகுமாயின், அப்பொழுது பெரிய கணினியை நாடுதல் முறையே. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தீர்க்கும் வழி அறிந்து செயற்படுக என்பது மருத்துவர்க்கு வள்ளுவர் வகுத்த நெறி. மனிதர் படைத்த பொறிக்கும் அந்நெறியே பொருந்துகின்றது. அதனைக் கைக்கொள்ளும் பொறியாளர், நின்றுபோன காற்றாலையை அன்றே கண்டறிவார், பருவக்காற்றும் வீணாகாது.