சாலை விதிகள் பிறந்த கதை



நம் ஊரின் பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மலாய் மொழியில் 'சிம்பாங்' என்றால் சந்திப்பு. 'அம்பாட்' என்றால் நான்கு. வடக்கே புக்கிட் மெர்தாஜாம், தெற்கே நிபோங் திபால், மேற்கே புக்கிட் தம்புன் என்று சாலைகள் கிளைத்துச் செல்லும் ஊர் நம்முடையது. 2014 ஆம் ஆண்டில் பத்து காவானிலிருந்து இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், இவ்வட்டாரத்தில் வாகனங்கள் மேலும் பெருகின. சாலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊரில் வாழும் நாம், சாலை விதிகள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்திருத்தல் வேண்டுமல்லவா?

சிவப்புக் கொடி ஏந்திய மனிதன்

பெட்ரோலில் ஓடும் மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முன்னரே, இங்கிலாந்துச் சாலைகளில் நீராவியால் இயங்கும் கனத்த வண்டிகள் ஓடின. அவற்றைக் கண்டு குதிரைகள் மிரண்டன, மக்கள் அஞ்சினர். ஆகவே 1865 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஊருக்கு வெளியே மணிக்கு நான்கு மைலுக்கு மேலும், ஊருக்குள் இரண்டு மைலுக்கு மேலும் அவ்வண்டிகள் செல்லலாகாது. வண்டிக்கு அறுபது கஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி நடந்து செல்ல வேண்டும்! இன்று இது நமக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் வருவதை முன்கூட்டி அறிவித்துப் பிறரைக் காத்தல் என்பதே அதன் உட்கருத்து. இன்று நாம் ஒலிக்கும் ஹாரனும், திரும்புமுன் மின்னச் செய்யும் விளக்கும் அந்தச் சிவப்புக் கொடியின் வழித்தோன்றல்களே.

1896 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள், லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி மாண்டார். அந்நாட்டில் மோட்டார் வண்டியால் உயிரிழந்த முதல் பாதசாரி அவரே. இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதிருக்கட்டும் என்று மரண விசாரணை அதிகாரி கூறினாராம். அவர் விருப்பம் நிறைவேறவில்லை என்பதை நாம் நன்கறிவோம்.

எண்ணும் உரிமமும்

மோதிவிட்டு ஓடும் வண்டி யாருடையது என எவ்வாறு அறிவது? 1893 ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரக் காவல் துறை, வண்டிகளில் அடையாளத் தகடு பொருத்த ஆணையிட்டது. பிரிட்டனில் 1903 ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம், ஒவ்வொரு வண்டியும் பதிவு செய்யப்பட்டு எண் தாங்க வேண்டும் என்றும், ஓட்டுபவர் உரிமம் பெற வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டம் 1904 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஐந்து ஷில்லிங் கட்டினால் உரிமம் கிடைத்தது. தேர்வு எதுவும் இல்லை! ஓட்டத் தெரியுமா எனச் சோதித்துப் பார்க்கும் கட்டாயத் தேர்வு 1935 ஆம் ஆண்டில்தான் வந்தது. நம் முன்னோர் வாழ்ந்த இந்தியாவிலும் 1914 ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது.

நம் நாட்டில்

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கங்கள் மலாயாவுக்கும் வந்தன. நாம் சாலையின் இடப்புறம் வண்டி ஓட்டுவதும் அவ்வாறு வந்ததே. நீரிணைக் குடியேற்றங்களில் சிங்கப்பூருக்கு 'எஸ்', மலாக்காவுக்கு 'எம்', பினாங்குக்கு 'பி' என எழுத்துகள் அமைந்தன. நம் மாநில வண்டிகளில் அந்தப் 'பி' இன்றும் நிலைத்திருக்கிறது. பேராக்குக்கு 'ஏ', கெடாவுக்கு 'கே', பெர்லிசுக்கு 'ஆர்' என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்க.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, அதாவது 1958 இல், சாலைப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. 1973 இல் மோட்டார் சைக்கிளில் செல்வோருக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1979 இல் காரின் முன் இருக்கையில் அமர்வோருக்கு இருக்கை வார் கட்டாயமாயிற்று. பழைய சட்டத்திற்குப் பதிலாக 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1988 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. முதியோர் 'ஆர்.ஐ.எம்.வி.' என்றழைத்த அலுவலகமே இன்றைய ஜே.பி.ஜே.

ஒரு தோட்டத்தில் கண்டது

நான் இளம் ஆசிரியனாக ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றிய காலம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை, செம்பனைக் குலை வெட்டுபவர். ஒரு மாலை கடைக்குச் சென்று சைக்கிளில் திரும்புகையில் மோட்டார் சைக்கிள் ஒன்று அவரை மோதியது. ஓட்டி வந்தவன் பதினான்கு வயதுச் சிறுவன். தீயவன் அல்லன், வீட்டுக்குச் சீனி வாங்கிவர அனுப்பப்பட்டவன். அவனுக்கு உரிமம் இல்லை. வண்டிக்குச் சாலை வரியும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

தந்தையின் கால் முறிந்தது. பல மாதங்கள் வேலையில்லை. வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேர்ந்த விபத்தன்று. ஆதலால் சொக்சோ உதவிக்கும் வழியில்லை. சிறுவனின் தந்தையும் கூலித் தொழிலாளியே. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து மருத்துவச் செலவுக்குக் கொடுத்தார்; அது போதவில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த இரு குடும்பங்களும் பேச்சை நிறுத்தின. என் வகுப்பிலோ, அந்த மாணவனும் அச்சிறுவனின் தம்பியும் ஒரே பெஞ்சில் ஒருவரையொருவர் பாராமல் அமர்ந்திருந்தனர். அக்காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

விதிகளின் காரணம்

"தோட்டத்துச் சாலைதானே, இங்கே சட்டம் ஏது?" என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். அது தவறு. பொதுமக்கள் சென்றுவரக்கூடிய எந்தச் சாலையும் சட்டத்தின் கண்ணில் சாலையே ஆகும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டப் பதினாறு வயதும், கார் ஓட்டப் பதினேழு வயதும் நிறைந்திருக்க வேண்டும். கால் எட்டினால் மட்டும் போதாது. எதிரே வருவதன் வேகத்தைக் கணிக்கும் அறிவும் முதிர வேண்டும். காப்புறுதி எடுத்த பின்னரே சாலை வரி கட்ட இயலும். ஏனெனில் நாம் பிறருக்கு விளைக்கும் தீங்குக்கு ஈடு செய்வதே அக்காப்புறுதியின் முதல் நோக்கம். விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்தி உதவ வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்தில் மாள்வோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. ஆதலின் பின்னால் அமரும் குழந்தையின் தலைக்கும் கவசம் தேவை. தந்தையின் தலைக்கு மட்டுமன்று.

பெற்றோர்களே! வருமுன் காப்பதே அறிவுடைமை. உரிமம் இல்லாப் பிள்ளையின் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். மாணவர்களே! தலைக்கவசம் அணிய மறந்த தந்தையிடம், "அப்பா, தொப்பி!" என்று அன்போடு நினைவூட்டுங்கள். நீங்கள் சொன்னால் அவர் தட்டமாட்டார்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. சிவப்புக் கொடி ஏந்தி நடக்க வேண்டும் என்ற விதியின் உட்கருத்து யாது?
2. வண்டிகளுக்கு எண் தகடு ஏன் தேவைப்பட்டது?
3. நம் நாட்டில் தலைக்கவசம் எந்த ஆண்டில் கட்டாயமாயிற்று?
4. காப்புறுதி இல்லா வண்டியால் இரு குடும்பங்கள் அடைந்த துன்பத்தை உன் சொந்த நடையில் எழுதுக.
5. உன் வீட்டு வண்டியின் சாலை வரி எந்நாளில் முடிவுறுகிறது? தந்தையிடம் கேட்டு எழுதி வருக.